பத்துப்புள்ளியாரின் வெடிக்கோட்டு

மட்டக்களப்பில் யுத்தம் நடந்த அத்தனை வருடங்களிலும் எதற்குமே பயப்படாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஊரே குப்புறப் படுக்கும்போது அவர் மட்டும் முற்றத்தில் நின்று காது கொடுத்துக் கேட்பார். "விசையைப் பறிக்கிறான் மடையன், அமத்தத் தெரியா" என்று குறை சொல்வார். சுற்றிவளைப்பில் எல்லோரும் நடுங்கிக்கொண்டு நிற்க, இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, கந்தோர் வேலைக்கு நேரம் போகிறது என்று ஆமிக்காரனிடமே முறையிடுவார். கலியாணம் செய்யாததால் பெண்சாதிக்கும் பயமில்லை. அவருக்கு இருந்த ஒரே பயம் தண்ணீரும் சவர்க்காரமும். அது அவருடைய மேனிக்கல்ல. மனிதர் காலையும் மாலையும் கிணற்றடியில் நின்று குளிப்பவர். அவருடைய கோட்டுக்குத்தான் அந்தப் பயம்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் கொடுக்கிற கந்தோருக்கு மட்டுமே தெரியும். ஊருக்கு அவர் பத்துப்புள்ளியார். நான் மாங்கேணியிலிருந்து வேலை கிடைத்து டவுனுக்கு வந்தபோது, வாவிக்கரைப் பக்கம் பாக்கியக்கா என்பவரின் வீட்டில் சாப்பாட்டோடு தங்க இடமிருக்கிறது, இன்னொருவரோடு அறையைப் பகிர வேண்டும், வாடகை மிகக் குறைவு என்றார்கள். ஏன் குறைவு என்று கேட்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை. பெட்டியோடு போய் அறைக்கதவைத் திறந்தேன். திறந்த கையோடு மூடினேன்.

"என்னகா தம்பி?" என்று பாக்கியக்கா சமைத்த கையோடு குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா, உள்ளுக்க ஏதோ செத்துக் கிடக்கு."

"சாகல்ல. ஆணியில தொங்குது. அதுக்குத்தானே வாடகையக் குறைச்சிரிக்கன்."

ஆணியில் தொங்கியது அந்த அறைக்காரர் பத்துப்புள்ளியாரின் கோட்டு. தடித்த கன்வஸ் துணியும் மாட்டுத்தோலும் சேர்த்துத் தைத்தது. வலது தோளிலும் இரண்டு முழங்கைகளிலும் றப்பர் மெத்தை. மார்புக்குக் குறுக்கே தோல்வாரும் பக்கிளும். ஆணியிலிருந்து கழற்றித் தரையில் வைத்தால் தானாக நிற்கும், அவ்வளவு விறைப்பு. பத்துப்புள்ளியார் இளமையில் கொழும்பில் வேலை பார்த்தபோது துப்பாக்கிச் சுடும் கழகமொன்றில் சேர்ந்து, வட்டம் கீறிய அட்டையைக் குறிவைத்துச் சுடுவதில் பெயரெடுத்தவர். நடு வட்டத்தில் பட்டால் பத்துப் புள்ளி. சுடும்போது உடம்பு ஆடாமல் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கத்தான் அந்தக் கோட்டு. நாட்டில் குழப்பம் தொடங்கியதும் துப்பாக்கியைப் பொலிஸில் கொடுத்துவிட்டார். கோட்டைக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த மணத்தோடு பொலிஸ் அதை ஏற்றிருக்காது.

சுடுவதை எங்கள் பக்கத்தில் வெடி வைப்பது என்போம். அதனால் அது வெடிக்கோட்டு. ஆனால் அந்தப் பெயரை வீட்டுக்கு வெளியே சொல்லக்கூடாதென்று பாக்கியக்கா கண்டிப்பான உத்தரவு போட்டிருந்தார். அந்தக் காலத்தில் வெடிக்கோட்டு என்று சொன்னால் கேட்கிறவன் குண்டு கட்டிய வேறொரு கோட்டை நினைத்துக்கொள்வான், விளக்கம் சொல்வதற்கு நம்மை உயிரோடு விட்டுவைக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள், இறைச்சி வாங்கப் போகிறவர்கள் இறைச்சிக்குப் போவார்கள். பத்துப்புள்ளியார் பயிற்சிக்குப் போவார். பயிற்சி எங்கள் அறைக்குள்தான். வீதியால் போகிற ரோந்து கண்டால் கதை முடிந்துவிடும் என்பதால் கதவு, யன்னல் எல்லாவற்றையும் அடைப்பார். கோட்டைப் போட்டு, பக்கிளை இறுக்கி, பாயில் குப்புறப் படுத்து, வீடு கூட்டுகிற தும்புத்தடியைத் தோளில் வைத்து, சுவரில் தானே கீறி ஒட்டிய வட்டத்தைக் குறிபார்ப்பார். மூச்சை அடக்குவார். அந்த நேரத்தில் அவர் முதுகைப் பார்த்தால் கருங்கல்லைப் பார்ப்பது போல இருக்கும். பிறகு வாயால் மெல்ல "டிக்" என்பார். கொஞ்சம் யோசித்து, "பத்து" என்பார். தும்புத்தடியால் சுட்டுத் தனக்குத் தானே புள்ளி போடுகிற மனிதர் எல்லாவற்றுக்கும் பத்துப் போட்டுக்கொண்டால் கேட்பார் யார்? ஆனால் ஒருநாள் "ஒன்பது" என்றார். அன்று மத்தியானம் சோறு தின்னவில்லை.

மட்டக்களப்பு வெக்கையில், அடைத்த அறைக்குள், தோல் கோட்டோடு குப்புறக் கிடந்தால் வியர்வை எப்படி ஓடும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவ்வளவையும் கோட்டுக் குடித்தது. பல வருடங்களாகக் குடித்தது. மழையில் நனைந்த கிடாய் ஆட்டைப் பழைய சாக்கில் கட்டி வைத்தது போன்ற மணம். அந்த அறையில் நான் நுளம்புக்கடி பட்டதே கிடையாது என்பதையும் நன்றியோடு சொல்லியாக வேண்டும்.

"அண்ணே, ஒருக்காத் தாங்களன், தோய்ச்சுப் போடுறன்" என்று பாக்கியக்கா மாதத்துக்கு ஒருமுறையாவது கெஞ்சுவார்.

"விசர்க்கதை கதையாத தங்கச்சி. தண்ணி பட்டா விறைப்புப் போயிரும். விறைப்பில்லாத கோட்டும் இடுப்பில உடுக்கிற சாரனும் ஒண்டுதான். சவுக்காரம் பட்டா நூல் இளகும். வெயில் பட்டாத் தோல் வெடிக்கும். இத நனைக்கிறதும் என்னக் கொல்லுறதும் ஒண்டு."

இந்தப் பாடத்தை அவர் மீன்காரனுக்கும் சொல்லியிருக்கிறார், தபால்காரனுக்கும் சொல்லியிருக்கிறார். எங்கள் ஒழுங்கையில் காகத்துக்குக்கூடத் தெரியும், பத்துப்புள்ளியாரின் கோட்டில் தண்ணீர் படக்கூடாதென்று.

இப்படி நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிம்மதியாக இருந்த நாளில்தான் ஒரு திங்கட்கிழமை விடிய ஆமிக்காரர்கள் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். வீடு வீடாகச் சோதனை. எங்கள் அறைக்குள் நுழைந்த இரண்டு சிப்பாய்களும் நுழைந்த வேகத்தில் வெளியே வந்தார்கள். பின்னால் வந்த அதிகாரி இளவயது ஆள், மெலிந்தவர், சிரிக்காத முகம். ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். மறுகையில் கோட்டோடு வெளியே வந்தார். தோள் மெத்தையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கையை அமத்திப் பார்த்தார். "இது யாருடையது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அந்த நாட்களில் ஆண்களின் சட்டையைக் கழற்றித் தோளில் துப்பாக்கி உதைத்த தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இங்கே தழும்புக்கென்றே தைத்த கோட்டு அகப்பட்டிருக்கிறது. பாக்கியக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ட" என்று முன்னால் வந்தார் பத்துப்புள்ளியார். வந்தவர் சும்மா நின்றாரா? கொழும்புச் சிங்களத்தில் தொடங்கிவிட்டார், என்ன சொன்னார் என்பதைப் பிறகுதான் எனக்குத் தமிழில் விளக்கினார். எந்தப் போட்டியில் எத்தனை புள்ளி, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, இரண்டாவதாக வந்தவன் என்ன பிழை விட்டான் என்று ஒன்றையும் விடவில்லை. அதிகாரி கடைசி வரை கேட்டார். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கோட்டை அவர் கையில் கொடுத்து, சனிக்கிழமை காலையில் முகாமுக்கு வாருங்கள், இதையும் கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாக்கியக்கா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அவருடைய புருஷனையும் ஒருநாள் இப்படித்தான் ஒரு சின்ன விசாரணை, பின்னேரம் வந்துவிடுவார் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அது நடந்து பல வருடங்களாகிவிட்டன. அந்தப் பின்னேரம் இன்னும் வரவில்லை.

"அண்ணே, தம்பியோட மாங்கேணிக்குப் போயிருங்க. கொஞ்ச நாள் அங்க கிடந்திட்டு வாங்க" என்றார்.

"ஓம் ஐயா, எங்கட வீட்ட ஒரு கரைச்சலும் இல்ல. வள்ளத்தில போயிரலாம்" என்று நானும் சொன்னேன்.

"நான் ஓடினா மறுகா உங்க ரெண்டு பேரையும்தானே பிடிப்பானுகள்?" என்றார் பத்துப்புள்ளியார். அவர் முகம் உண்மையிலேயே வாடியிருந்தது. ஆனால் காரணம் வேறு. "தங்கச்சி, அவன் மூக்கைப் பொத்தினதக் கண்டயா? அவன் மெத்தைய அமத்திப் பாத்த விதத்திலயே தெரிஞ்சிட்டு, அவனும் நம்மட ஆள், குறி சுடுற ஆள். ஒரு சுடுகாரனுக்கு முன்னால என்ட கோட்டு இப்பிடி மணத்தோட நிண்டிட்டே! எனக்குச் செத்திரலாம் போல இரிக்கு."

செத்துவிடலாம் போல இருக்கிறதாம். அதற்கான ஏற்பாட்டை மற்றவர்கள் செய்துகொண்டிருப்பது மனிதருக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் அந்த ஏற்பாட்டின் மறுபாதியும் வந்தது. பின்னேரம் வாசல் படலையடியில் ஒரு சைக்கிள் நின்றது. மீசை அரும்பாத இயக்கத்துப் பொடியன், சேர்ட்டை வெளியே விட்டிருந்தான். கதைத்தது மிகவும் மரியாதையாகத்தான்.

"ஐயா, சனிக்கிழமை முகாமுக்குப் போறீங்களாம்."

"ஓம் தம்பி. கோட்டோட வரச் சொன்னா சுட்டுக் காட்டச் சொல்லத்தான்" என்றார் இவர், ஏதோ கோயில் திருவிழாவில் கச்சேரிக்குக் கூப்பிட்ட மாதிரி.

"நீங்க நல்லாச் சுடுவீங்க எண்டு எங்களுக்குத் தெரியும் ஐயா. நல்லாச் சுட்டா, மறுகா அவங்கட ஆக்களுக்குப் பழக்கித் தரச் சொல்லுவாங்க. நீங்க பழக்கினா எங்களுக்கு வேற வழி இல்ல. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தன்."

பொடியன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இங்கே மத்தளம் திரும்பி என்னைப் பார்த்து, "தம்பி, நாளைக்கு வினாகிரியும் அப்பச்சோடாவும் வாங்கிக் கொண்டா. நிறைய வேணும்" என்றது.

ஈரத்தில் முக்காமல் கோட்டைச் சுத்தம் செய்ய அவருக்கு ஒரு முறை தெரிந்திருந்தது. அதற்குத் தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து எடுத்த நல்ல வினாகிரி வேண்டும். அது காத்தான்குடியில் அத்தர் விற்கிற முஸ்லிம் மனிதரான அத்தர் காக்காவின் கடையில்தான் கிடைக்கும். அத்தர் காக்கா நான் கேட்டதையெல்லாம் கட்டித் தந்துவிட்டு, ஒரு சின்ன அத்தர் குப்பியையும் என் சேர்ட்டுப் பைக்குள் வைத்தார். சேதி பாலம் கடந்து அவருக்கும் போயிருந்தது.

"இதுக்குக் காசி வேணாம் தம்பி. கோட்டுக்கு இப்ப பூசாதீங்க. மனிசன் திரும்பி வந்த புறகு பூசச் சொல்லுங்க. அல்லா காப்பாத்துவான்."

அதுவரை எனக்கு வராத அழுகை அந்தச் சொல்லில் வந்துவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலத்தடியில் ஆமி காவல் நிற்கிற சென்றிக்கு வந்தபோதும் கண் துடைத்துக்கொண்டுதான் வந்தேன். அழுதுகொண்டு வருகிறவனை எந்தச் சென்றிதான் சோதிக்காமல் விடும்? பையைத் திறந்தார்கள். போத்தலில் ஒரு புளித்த தண்ணி. பார்சலில் வெள்ளைத் தூள். அதுவும் ஒரு வீட்டில் மூன்று மாதத்துக்கு அப்பம் சுடக் காணும் அளவுக்கு.

இது என்ன என்று கேட்டான் இளம் சிப்பாய். என்னுடைய சிங்களம் அப்போது ஓம், இல்லை, ஐயா என்ற மூன்றுக்குள் அடங்கியிருந்தது. என் சேர்ட்டைத் தொட்டு, மூக்கைப் பொத்தி, தேய்த்துக் காட்டினேன். அவன் துப்பாக்கியை நிமிர்த்தினான். பார்சலைக் காட்டி, வாயைக் காட்டினான். தின்னச் சொல்கிறான். ஒரு பிடி அப்பச்சோடாவை வாயில் போட்டு விழுங்கினேன். பிறகு போத்தலைக் காட்டினான். கடவுளே என்று வினாகிரியை நாலு மிடறு குடித்தேன்.

இரண்டும் வயிற்றுக்குள் சந்தித்தன. முதலில் காது அடைத்தது. பிறகு மூக்காலும் வாயாலும் நுரை தள்ளியது. அதற்குப் பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு ஏப்பம், எங்கள் பேச்சில் ஏவறை, புறப்பட்டது பாருங்கள், வாவியின் அந்தக் கரையில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. இளம் சிப்பாய் பின்னால் பாய்ந்து துப்பாக்கியை என் நெஞ்சுக்கு நேரே பிடித்தான். நான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நுரையோடு நின்றேன். அவன் விரல் விசையில் இருப்பதை நான் பார்த்தேன். அந்த விரலைத் தவிர உலகத்தில் வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. அப்போது பின்னாலிருந்த வயதான சிப்பாய் ஒருவர் மண்மூட்டையில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரித்த சிரிப்பில் எழும்பவே முடியாமல் கையால் போ போ என்று காட்டினார். போனேன்.

வீட்டுக்கு வந்து போத்தலை நீட்டினேன். பத்துப்புள்ளியார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன தம்பி, குறைஞ்சிரிக்கு?"

நான் பதிலுக்கு ஏவறை விட்டேன்.

அன்று தொடங்கி வியாழக்கிழமை இரவு வரை கந்தோர் விட்டு வந்ததும் அவருக்கு அதுதான் வேலை. பின் விறாந்தை நிழலில் இரண்டு கதிரைகளைப் போட்டு, கோட்டை உள்புறம் வெளியே வரத் திருப்பி விரித்தார். வினாகிரியில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, துணியை முக்கி, சொட்டு விழாமல் பிழிந்து, பிள்ளைக்கு முகம் துடைப்பது போல ஒற்றி ஒற்றித் துடைத்தார். துணி தேயிலைச் சாயம் மாதிரி ஆனது. அது காய்ந்ததும் அப்பச்சோடாவைத் தூவி ஊறவிட்டார். ஊறியதைத் தூரிகையால் தட்டி எடுத்தார். பக்கிளைப் புளி போட்டு மினுக்கினார். தோலுக்கு மெழுகு பூசினார். மணம் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. கிடாய் போய்ச் சாக்கு மட்டும் மிஞ்சியது. பிறகு சாக்கும் போனது.

நானும் பாக்கியக்காவும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம்.

"ஐயா, சனிக்கிழமை கொஞ்சம் பிழையாச் சுடுங்களன்" என்றேன்.

அவர் துணியைக் கீழே வைத்தார். "ஆரு, நானா?"

"உங்கட உயிருக்குத்தானே ஐயா."

"தம்பி, தும்புத்தடியாலயே என்னால பொய்யாச் சுட ஏலா. நீ என்ன கதை கதைக்கிறாய்?"

பாக்கியக்கா எழும்பிக் குசினிக்குள் போனார். அன்று முழுக்க மாமாங்கக் கோயில் சாமிக்கு நேர்ந்துகொண்டிருந்தார் என்று நினைத்தேன். அவர் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பத்துப்புள்ளியார் தலைமயிர் வெட்டிச் சவரம் செய்யச் சலூனுக்குப் போனார். சுடுகாரனுக்கு முன்னால் சுடுகாரனாகப் போக வேண்டாமா? நான் கந்தோரிலிருந்து வரும் வழியில் அவரைக் கண்டு, இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு வந்தோம். கிணற்றடியில் தொம் தொம் என்று சத்தம் கேட்டது.

பாக்கியக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தக் கோட்டைக் கல்லில் அடித்துத் தோய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெரிய வாளி நிறையச் சவர்க்கார நுரை. அடித்த அடியில் றப்பர் மெத்தை ஒன்று கழன்று தொங்கியது. எங்களைக் கண்டதும் நிறுத்தவில்லை. இன்னொரு முறை முக்கி, முறுக்கிப் பிழிந்து, கொண்டுபோய் நல்ல வெயில் விழுகிற இடத்தில் கொடியில் போட்டார். விறைத்து நின்ற கோட்டு ஈரச் சாக்கு மாதிரித் தொங்கியது.

பத்துப்புள்ளியார் சத்தம் போடுவார், அடிக்கவும் கூடும் என்று நான் குறுக்கே போய் நின்றேன். அவர் அசையவில்லை. கொடியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"தங்கச்சி, உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான் அண்ணே. என்ட மனிசன் போகக்குள்ள நான்தான் நல்ல சேர்ட்டா எடுத்துக் குடுத்து அனுப்பினன். வடிவாப் போய் வடிவா வரட்டும் எண்டு. அவர் வரல்ல." அவர் ஈரக் கையாலேயே கண்ணைத் துடைத்தார். "உங்களுக்குப் பிழையாச் சுடத் தெரியாது. நீங்க பத்துத்தான் அடிப்பீங்க. பத்து அடிச்சா அவனுகள் விடமாட்டானுகள். அவனுகள் விட்டா இவனுகள் விடமாட்டானுகள். கோட்டாவது பிழை விடட்டும். இன்னொரு மனிசன இந்தப் படலையால அனுப்பிட்டுப் பாத்துக்கொண்டிரிக்க என்னால ஏலா."

அவர் கொடியடிக்குப் போய்க் கழன்ற மெத்தையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். எனக்குப் பாக்கியக்காவைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

சனிக்கிழமை காலை அவரோடு நானும் போனேன். தனியாக விட மனம் வரவில்லை என்பது உண்மை, பாதி வழியில் திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன் என்பதும் உண்மை. கோட்டு சவர்க்காரத்தூள் வாசத்தோடு அவர் கையில் மடிந்து கிடந்தது. தோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. படலையில் பாக்கியக்கா நின்றார்.

முகாமின் பின்பக்கம் மண்மூட்டைகளை அடுக்கி, அவற்றுக்கு முன்னால் வட்ட அட்டை கட்டியிருந்தார்கள். அதிகாரியின் கதிரையில் அவருடைய சொந்தக் கோட்டுத் தொங்கியது. பத்துப்புள்ளியார் சொன்னது சரிதான், அவரும் குறி சுடுகிற ஆள். சிப்பாய்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். என்னைத் தார்ப் பீப்பா ஒன்றில் இருத்தினார்கள். அதிகாரி ஒரு போட்டித் துப்பாக்கியையும் ஐந்து தோட்டாவையும் கொடுத்தார். ஐயா உண்மையிலேயே திறமைசாலி என்றால் என் ஆட்களுக்கு நீங்கள்தான் வாத்தியார் என்று சொன்னதை எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவன் தமிழில் சொல்லித் தந்தான்.

பத்துப்புள்ளியார் கோட்டைப் போட்டார். அது தோளில் சுருங்கி, இடுப்பில் தொளதொளத்தது. குப்புறப் படுத்தார். மூச்சை அடக்கினார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த முதுகைப் பார்த்தவன் நான். கோட்டில் விறைப்பு இல்லை, ஆனால் முதுகு அதே கருங்கல்தான். பாக்கியக்கா வீணாகத் தோய்த்திருக்கிறார் என்று எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. இந்த மனிதருக்குக் கோட்டே தேவையில்லை. ஐந்தும் பத்துத்தான். மாமாங்கத்தானே, இந்த மனிசனுக்கு ஒருக்கா மட்டும் கை நடுங்கட்டும் என்று கும்பிட்டேன். வேறு யாருடைய தோல்விக்காகவும் நான் அப்படிக் கும்பிட்டதில்லை.

ஐந்தையும் சுட்டார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவசரமில்லாத இடைவெளி. ஒருவன் ஓடிப்போய் அட்டையைக் கழற்றி வந்தான். சிப்பாய்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்ததும் ஓவென்று சிரித்தார்கள்.

நடு வட்டத்தில் ஒரு கீறல்கூட இல்லை. எந்த வட்டத்திலும் இல்லை. வட்டங்களுக்கெல்லாம் வெளியே, அட்டையின் இடதுபக்கக் கீழ் மூலையில் ஒரே ஒரு ஓட்டை. ஒன்று மட்டும் எப்படியோ மூலையில் பட்டது, மற்ற நாலும் மண்மூட்டைக்குப் போய்விட்டன என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். சின்னவிரல் நுனியை அந்த ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார். விரல் போனது. ஒரு தோட்டா போட்ட ஓட்டைக்குள் விரல் போகாது.

எனக்குக் குறி சுடத் தெரியாது. ஆனாலும் ஐந்து தோட்டாவும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே ஓட்டையால் போயிருக்கிறது என்பது அந்த விரலைப் பார்த்தபோது எனக்கே விளங்கியது. பிழையாகச் சுடுகிறவனுக்கு அப்படிச் சுட வராது. அதிகாரிக்கு விளங்காமல் இருக்குமா? அவர் நிமிர்ந்து பத்துப்புள்ளியாரைப் பார்த்தார். பத்துப்புள்ளியார் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிப்பாய்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி எட்டிக் கோட்டின் தோளைப் பிடித்துக் கசக்கினார். துணி அவர் கைக்குள் சுருண்டது.

"யார் இதைக் கழுவினது?" என்றார். இதையும் இனி வந்த பேச்சையும் பக்கத்தில் நின்றவன்தான் எனக்குத் தமிழில் சொன்னான்.

"நான் சாப்பிடுற வீட்டுத் தங்கச்சி" என்றார் பத்துப்புள்ளியார் சிங்களத்தில். "நாளைக்கு முகாமுக்குப் போறன் எண்டு சுத்தமாத் தோய்ச்சுத் தந்தாள்."

அதிகாரி தான் கசக்கின தோளைக் கையால் நீவிவிட்டார். பிறகு சிப்பாய்கள் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னார். சுடுகிற கோட்டை ஒருநாளும் தண்ணீரில் போடக்கூடாது. போட்டால் இப்படித்தான், குறி முழுக்கப் போய்விடும். இந்த ஐயாவுக்குக் கோட்டும் போய்விட்டது, வயதும் போய்விட்டது. இவரால் நமக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. தேத்தண்ணி கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். சொல்லிவிட்டு அந்த அட்டையை நாலாக மடித்துத் தன்னுடைய சட்டைப் பைக்குள் வைத்தார். எங்கள் பக்கம் பிறகு திரும்பவே இல்லை.

வாவிக்கரை வீதிக்கு வரும்வரை நான் திரும்பித் திரும்பி முகாம் பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன். அங்கே வந்துதான் எனக்கு வாய் திறந்தது.

"ஐயா, பிழையாச் சுடுறதெண்டா அங்கயும் இஞ்சயுமாச் சுட்டிருக்கலாமே. ஐஞ்சையும் ஒரு ஓட்டையில விட்டு என்ட சீவனையெல்லோ எடுத்திட்டீங்க!"

"அப்பிடிச் சிதறச் சுட என்னால ஏலா தம்பி" என்றார், குற்றம் செய்தவர் மாதிரி. "மூலையில சுடலாம் எண்டு ராவு படுத்துக் கிடந்து மனசத் தேத்திட்டன். தங்கச்சி அழுததப் பாத்த புறகு வேற என்ன செய்யிற? ஆனா சிதறச் சுட்டா அது நான் இல்ல." கொஞ்ச தூரம் நடந்தார். "ஒண்டு சொல்லுறன். இத ஒருத்தருக்கும் சொல்லாத. அவளுக்கும் சொல்லாத. தான் தோய்ச்சதாலதான் நான் தப்பினன் எண்டு நினைச்சுக்கொண்டிரிக்கட்டும்."

படலையில் பாக்கியக்கா காலையில் நின்ற அதே இடத்தில் நின்றார். எங்களைக் கண்டதும் ஓடிவந்து, அவருடைய தோளைத் தொட்டுப் பார்த்தார், கையைத் தொட்டுப் பார்த்தார். "ஒண்டும் படல்ல தங்கச்சி. கோட்டு என்னக் கவுத்திட்டு" என்று அவர் சிரித்தார். பாக்கியக்கா வாய்விட்டு அழுதார்.

சிப்பாய்கள் கடைத்தெருவில் சொல்லிச் சிரித்த கதை அன்று பின்னேரமே ஊர் முழுக்கப் பரவியது. சைக்கிள் பொடியனுக்கும் போயிருக்க வேண்டும், அவன் பிறகு வரவில்லை. பத்துப்புள்ளியார் என்ற பெயர் ஒரே வாரத்தில் அழிந்து, பூச்சியத்தார் என்று ஆனது. கந்தோரில் அப்படிக் கூப்பிட்டார்கள். சலூனில் அப்படிக் கூப்பிட்டார்கள். வட்டத்துக்கு வெளியே சுட்ட வீரன் வாறார் என்று வயதில் சின்னவன்கள் எல்லாம் நக்கலடித்தார்கள். அவர் ஒருநாளும் கோபிக்கவில்லை. ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு போவார். சாகும் வரை அந்தப் பெயரோடுதான் இருந்தார். அவரும் போய், பாக்கியக்காவும் போன பிறகுதான் இதை நான் எழுதுகிறேன்.

நான் தைரியசாலி அல்ல. அந்த வருடங்களில் எத்தனையோ சென்றியில், எத்தனையோ பேருக்கு முன்னால், எத்தனையோ விசயத்துக்கு வாயை மூடிக்கொண்டு நின்றவன். ஆனால் இதை எழுதும் வரைக்கும் அவரை யாராவது பூச்சியம் என்று சொன்னால் மட்டும் எனக்குப் பொறுத்ததில்லை. காரணம் சொல்ல வழியிருக்கவில்லை, அன்று வாவிக்கரை வீதியில் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் காரணம் சொல்லாமலே சண்டைக்குப் போயிருக்கிறேன்.